டிராம் வண்டி சொன்ன சாட்சி



எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில், ரேஷன் அட்டைக்கும் பள்ளிச் சான்றிதழ்களுக்கும் நடுவே, உள்ளங்கை அளவுள்ள கறுப்பு வெள்ளைப் புகைப்படம் ஒன்று பல ஆண்டுகளாக இருந்து வருகிறது. அதில் இருபது வயது மதிக்கத்தக்க மெலிந்த இளைஞர் ஒருவர், வெள்ளைச் சட்டையின் கைகளை முழங்கை வரை மடித்துவிட்டபடி நிற்கிறார். அவர் என் தகப்பனார். அவருக்குப் பின்னால் பம்பாயின் விக்டோரியா டெர்மினஸ் ரயில் நிலையம் உயர்ந்து நிற்கிறது. படத்தின் பின்புறத்தில் தேதியும் இல்லை, பெயரும் இல்லை. காய்ந்த பசையின் கறை மட்டுமே உண்டு.

அப்பா காலமாகிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. "இது எங்கள் கலியாணத்திற்குப் பிறகு எடுத்த படம். அந்தச் சட்டை கலியாணத்திற்கென்றே பாளையங்கோட்டையில் துணி எடுத்துத் தைத்தது" என்று அம்மா சொல்லுவார்கள். அவர்கள் திருமணம் நடந்தது 1965ஆம் ஆண்டில். ஆகவே படம் அதற்குப் பிந்தியது என்றே நாங்கள் யாவரும் நம்பியிருந்தோம்.

கல்லூரியில் படிக்கும் என் மகள், ஒரு பாட வேலைக்காக மும்பைத் தெருக்களின் பழைய படங்களைத் திரட்டினாள். நூலகங்களும் அருங்காட்சியகங்களும் இணையத்தில் வைத்திருக்கும் படங்களை அச்செடுத்துக்கொண்டு, படமெடுத்தவர் நின்ற அதே இடத்தில் நின்று இன்றைய தெருவைப் படமெடுக்க வேண்டும் என்பது அவளுடைய திட்டம். துணைக்கு வரும்படி என்னை அழைத்தாள். தாத்தாவின் படத்தையும் பிரதி எடுத்து அந்தக் கட்டோடு சேர்த்துக்கொண்டாள். ஒரு விடுமுறை நாளில் இருவருமாகப் புறப்பட்டோம்.

வி.டி.யின் முன்னே

நம்மில் அநேகருடைய பெற்றோர் இந்த நகரத்தில் முதன்முதலாகக் கால் வைத்த இடம் வி.டி. நிலையம். சென்னை மெயிலில் ஏறி, ஒரு தகரப் பெட்டியும் ஊர்க்காரர் ஒருவரின் விலாசமுமாக அவர்கள் இங்கே வந்து இறங்கினார்கள்.

இந்த இடத்தின் பழைய பெயர் போரி பந்தர். 1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் தேதி இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் தானேவுக்குப் புறப்பட்டது இங்கிருந்துதான். இப்போதுள்ள மாளிகையை எஃப். டபிள்யூ. ஸ்டீவன்ஸ் என்னும் கட்டடக் கலைஞர் வரைந்தார். 1878இல் தொடங்கிய வேலை முடிவதற்கு ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் ஆயின. 1996இல் சத்ரபதி சிவாஜி டெர்மினஸ் என்று பெயர் மாறியது. 2017இல் 'மகராஜ்' என்ற சொல் சேர்ந்தது. 2004இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ இதனை ஏற்றுக்கொண்டது. ஆயினும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அது இன்றைக்கும் வி.டி.தான்.

மகள் கொண்டுவந்த படங்களில் ஒன்று நிலையம் கட்டி முடிந்த புதிதில் எடுத்தது. எதிரே இன்று வானளாவி நிற்கும் மாநகராட்சிக் கட்டடம் அப்போது இல்லை. அதையும் ஸ்டீவன்ஸே வரைந்தார். அது 1893இல் முடிந்தது. ஆகவே அந்தக் கட்டடம் காணப்படாத படம் அதற்கு முந்தியது என்று துணிந்து சொல்லலாம். மாநகராட்சிக் கட்டடத்தின் முன் நிற்கும் பெரோஸ்ஷா மேத்தாவின் சிலை 1923இல் வைக்கப்பட்டது. சிலை இருந்தால் படம் அதற்குப் பிந்தியது. பழைய படத்தில் இருப்பது எவ்வளவு பேசுகிறதோ, இல்லாததும் அவ்வளவு பேசுகிறது என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

நிழலும் பேசும். நிலையத்தின் முகப்பு மேற்கு நோக்கியது. நாங்கள் போன காலை நேரத்தில் அது நிழலில் மங்கியிருந்தது. அப்பாவின் படத்திலோ முகப்புக் கல் முழுவதும் வெயில் பட்டு ஒளிர்கிறது. அப்படியானால் அது பிற்பகலில் எடுத்த படம்.

அந்தச் சமயத்தில்தான் மகள் அப்பாவின் படத்தை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். "அப்பா, தாத்தாவுக்கு இடப்பக்கம் பாதி தெரிகிற வண்டி பஸ் இல்லை. கீழே தண்டவாளம் ஓடுகிறது, பாருங்கள்" என்றாள்.

அது மாடி வைத்த டிராம் வண்டி. பல ஆண்டுகள் நான் அதைப் பேருந்து என்றே எண்ணியிருந்தேன். பம்பாயில் 1874ஆம் ஆண்டு மே மாதம் குதிரைகள் இழுத்த டிராம் ஓடத் தொடங்கியது. 1907இல் மின்சார டிராம் வந்தது. கடைசி டிராம் போரி பந்தருக்கும் தாதருக்கும் இடையே ஓடி நின்றது 1964ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் தேதி இரவில். அப்பாவின் படம் அந்தத் தேதிக்கு முந்தியதாகத்தான் இருக்க முடியும். அப்போது அவருக்குத் திருமணமே ஆகவில்லை.

அப்படியானால் அந்தச் சட்டை யாருடையது? அந்தக் கேள்வியோடு நாங்கள் தெற்கு நோக்கி நடந்தோம்.

நடப்பவருக்கு ஒரு நிழல்

வி.டி.யிலிருந்து புளோரா நீரூற்று வரை செல்லும் சாலைக்கு முன்பு ஹார்ன்பி ரோடு என்று பெயர். பதினெட்டாம் நூற்றாண்டில் பம்பாய் கவர்னராக இருந்த வில்லியம் ஹார்ன்பியின் பெயர் அது. இன்று அது தாதாபாய் நவ்ரோஜி சாலை. இந்தச் சாலையின் இரு புறமும் கட்டடங்களின் கீழ்த்தளத்தில் வளைவு வளைவாகத் தூண்கள் நின்று, உள்ளே நடைபாதை செல்வதைக் காணலாம். 1896ஆம் ஆண்டளவில் வகுக்கப்பட்ட விதியின்படி, இங்கே கட்டடம் எழுப்பியவர் ஒவ்வொருவரும் மக்கள் நடந்துபோகத் தம் கீழ்த்தளத்தில் இவ்விதம் இடம் விட வேண்டியதாயிற்று. கட்டடங்களின் பாணி வெவ்வேறு. ஆனால் கீழே நடப்பவருக்கான நிழல் ஒன்றே. வெயிலிலும் ஆடி மாத மழையிலும் குடையின்றி நடந்துபோக முடிந்த சாலை இது.

நூறு ஆண்டுகளுக்கு முந்திய படத்தில் இந்த வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெளிவாகத் தெரிகின்றன. பின்னாளில் வளைவுகளை மறைத்துக்கொண்டு பெரிய பெரிய விளம்பரப் பலகைகள் தொங்கின. 1995இல் பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் விதிகள் வந்தபின், கடைக்காரர்களும் கட்டடக் கலைஞர்களும் கூடிப் பேசி, பலகைகளை வளைவுக்குள் அடங்கும் அளவுக்குச் சுருக்கினார்கள். அந்த முயற்சிக்கு 2004இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதுகளில் ஒன்று கிடைத்தது. ஒரு தெருவின் பழைய முகம் திரும்பக் கிடைப்பதற்கு எப்போதும் இடித்துக் கட்ட வேண்டியதில்லை. சில வேளைகளில் பலகையைக் கழற்றினாலே போதும்.

இன்று அந்த வளைவுகளுக்குள் சட்டையும் புத்தகமும் கைபேசி உறையும் விற்கிறவர்கள் அமர்ந்திருக்கிறார்கள். "இவர்கள் நடைபாதையை அடைத்துக்கொண்டார்கள்" என்று சொல்வது எளிது. தூரத்து ஊரிலிருந்து வந்து, ஒரு தூணோரத்தைப் பிடித்துக்கொண்டு குடும்பத்தைக் காப்பாற்றிய மனிதர் நம் உறவிலும் இருப்பார் என்பதை நினைத்துக்கொண்டு நாங்கள் ஒதுங்கி நடந்தோம்.

பொருள் போயிற்று, பெயர் நின்றது

புளோரா நீரூற்று 1864ஆம் ஆண்டில் அமைந்தது. அதற்கு முன்பு அந்த இடத்தில் கோட்டையின் வாயில்களில் ஒன்று இருந்தது. இன்று 'ஃபோர்ட்' என்று நாம் சொல்லும் பகுதியைச் சுற்றி அக்காலத்தில் மதில் இருந்தது; 1860களில் அதை இடித்துத் தள்ளினார்கள். 1718இல் திறக்கப்பட்ட புனித தோமா ஆலயத்திற்குப் போகும் வழியில் இருந்ததால் அந்த வாயிலுக்கு சர்ச் கேட் என்று பெயர். வாயில் இடிந்து நூற்று அறுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆனால் நாள்தோறும் லட்சக்கணக்கானோர் மேற்கு ரயில்வேயில் 'சர்ச்கேட்' என்று பயணச்சீட்டு வாங்குகிறார்கள். அது எந்த வாயில் என்று கேட்பார் இல்லை.

நீரூற்றின் அருகே, சம்யுக்த மகாராஷ்டிரப் போராட்டத்தில் உயிர்நீத்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களின் நினைவுச் சின்னம் நிற்கிறது. ஆகவே இந்த இடம் இன்று ஹுதாத்மா சௌக். இங்கே மண்ணைத் தோண்டியபோது, 2017இல், பழைய டிராம் தண்டவாளங்கள் தார்ச் சாலையின் கீழிருந்து வெளிப்பட்டன. இன்னும் ஆழத்தில் இப்போது மெட்ரோ ஓடுகிறது. 2025 அக்டோபரில் கஃப் பரேடு வரை முழுவதும் திறக்கப்பட்ட அந்தப் பாதையில் ஹுதாத்மா சௌக் ஒரு நிலையம். தண்டவாளம் தெருவின் மேலே இருந்தது. பின்பு தார் அதை மூடியது. இப்போது வேறொரு தண்டவாளம் பூமிக்கடியில் போகிறது.

சற்றுத் தெற்கே காலா கோடா. 'கறுப்புக் குதிரை' என்பது அதன் பொருள். ஏழாம் எட்வர்டு மன்னர் இளவரசராக இருந்தபோது இங்கே வந்து சென்றதன் நினைவாக, அவர் குதிரைமேல் அமர்ந்திருக்கும் சிலை 1879இல் வைக்கப்பட்டது. 1965இல் அதை அகற்றினார்கள். இப்போது அது பைகுல்லா உயிரியல் பூங்காவில் உள்ளது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குதிரையே இல்லாத இடத்தை மக்கள் குதிரையின் பெயரால் அழைத்தார்கள். 2017இல் புதிய குதிரைச் சிலை ஒன்றை வைத்தார்கள். அதன்மேல் அமர்ந்திருப்பவர் யாருமில்லை.

இவ்வளவு தூரம் போவானேன்? மாட்டுங்காவுக்கும் தாதருக்கும் போய்வரும் நாம் 'தாதர் டி.டி.' என்கிறோமே, அந்த டி.டி. என்ன? டிராம் டெர்மினஸ்! டிராம் நின்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த இரண்டு எழுத்துகள் நம் வாயில் ஓடிக்கொண்டிருக்கின்றன. இதைச் சொன்னபோது மகள் நடுச்சாலை என்றும் பாராமல் கைகொட்டிச் சிரித்தாள்.

படத்தில் விழாதவர்கள்

பழைய படங்களை ஒன்றாகப் பரப்பிப் பார்த்தபோது அவள் கேட்டாள்: "அந்தக் காலத்தில் தெருவில் ஜனமே இல்லையா?" 1860களிலும் 1870களிலும் எடுத்த படங்களில் அகன்ற வீதிகள் வெறுமையாகக் கிடக்கின்றன. இன்றைய நெரிசலைப் பார்த்து அலுத்த கண்ணுக்கு அது ஓர் அமைதியான பொற்காலமாகத் தோன்றும்.

அது உண்மையன்று. 1872ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி பம்பாயில் ஆறு லட்சத்திற்கும் மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். அந்நாளில் கண்ணாடித் தகட்டில் இரசாயனம் பூசிப் படமெடுத்தார்கள். காட்சி பதிய அநேக விநாடிகள் ஆகும். அசையாமல் நின்ற கட்டடம் பதியும். நடந்துபோனவர், சுமை தூக்கியவர், வண்டி இழுத்தவர் எல்லாரும் புகைபோலக் கரைந்துபோவார்கள். 1880களில் விரைவாகப் பதியும் தகடுகள் பரவிய பின்னரே தெருவில் நடக்கும் மனிதர்கள் தெளிவாகத் தோன்றுகிறார்கள்.

ஆகவே அந்தத் தெருக்கள் வெறுமையாக இருக்கவில்லை. வேலை செய்துகொண்டிருந்தவர்கள் படத்தில் விழவில்லை. வேலையில்லாமல் நின்றவர்கள் மட்டும் விழுந்தார்கள். இதை என் மகளுக்குச் சொல்லும்போதே என் மனம் வேறிடத்திற்குப் போய்விட்டது.

தாராவியில் ஒரு சந்து

சில வாரங்களுக்குப் பின் அம்மாவையும் அழைத்துக்கொண்டு தாராவிக்குப் போனோம். நான் பிறந்த சந்து அங்கேதான் இருக்கிறது. மாஹிமுக்கும் சயனுக்கும் நடுவே ஏறத்தாழ அறுநூறு ஏக்கர் நிலம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோல் பதனிடும் தொழில் அங்கே வந்தது. அந்தத் தொழிலுக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து நம்மவர் அநேகர் வந்தார்கள். என் தகப்பனாரும் அப்படி ஒரு தோல்ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்தவர்.

அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த பெரியவர் ஒருவர், எண்பத்தாறு வயதில், மகன் வீட்டில் இன்னும் நடமாட்டத்தோடு இருக்கிறார். அவர் கையில் படத்தைக் கொடுத்தோம். நெடுநேரம் பார்த்தார்.

"இது எங்கள் எல்லாருடைய சட்டை" என்றார். அறையில் எட்டுப் பேர் இருந்தார்களாம். தோல்ஷாப்பு வாடை ஏறாத சட்டை ஒன்று வேண்டும் என்று எட்டுப் பேரும் காசு போட்டு ஒரு வெள்ளைச் சட்டை வாங்கி, ஆணியில் தனியே மாட்டி வைத்திருந்தார்களாம். ஊருக்குப் படம் அனுப்புகிறவர் அதைப் போட்டுக்கொண்டு வி.டி.க்குப் போய், காசு கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வார். "உன் அப்பனுக்குத் தோள் அளவு பெரிதாக இருந்தது. அதனால்தான் கையை மடித்துவிட்டோம்" என்று சொல்லிப் படத்தைத் திருப்பி, பசைக் கறையைத் தடவிப் பார்த்தார். "பெண் பார்க்க அனுப்பின படம் அம்மா இது. உங்கள் வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்திருப்பார்கள்."

அம்மா ஒன்றும் பேசவில்லை. அறுபது ஆண்டுகளாகத் தம் கலியாணச் சட்டை என்று எண்ணிவந்ததை அவர்கள் கையில் வாங்கி, முந்தானையால் துடைத்தார்கள். பிறகு, "எட்டு ஆணுக்கு ஒரு சட்டை. என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை" என்று மட்டும் சொன்னார்கள்.

அங்கிருந்து நாங்கள் வாழ்ந்த சந்துக்கு நடந்தோம். எங்கள் வீடு இருந்த இடத்தில் இன்று கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரண்டு அறைகள். மேலே ஏற வெளிப்புறத்தில் இரும்பு ஏணி. அண்ணாந்து பார்த்தால் மின்கம்பிகளுக்கு நடுவே கைக்குட்டை அளவு வானம். "குழாய் இங்கே இருந்தது" என்று அம்மா ஓரிடத்தைக் காட்டினார்கள். பெரியவரின் மகன் வேறோரிடத்தைக் காட்டினார். யார் சொல்வது சரி என்று தீர்க்க எங்களிடம் ஒரு படமும் இல்லை. வி.டி.க்கு ஆயிரம் படங்கள் உண்டு. விடியற்காலை மூன்று மணிக்கு அம்மா குடம் வைத்து வரிசையில் நின்ற குழாயடிக்கு ஒரு படமும் இல்லை. கடைசியில் என் அத்தையின் கலியாணப் படம் நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு வந்து தேடி எடுத்தோம். மணமக்களுக்குப் பின்னால், படத்தின் ஓரத்தில், பாதிக் குழாயும் ஒரு பித்தளைக் குடமும் தெரிந்தன. அம்மா காட்டிய இடமே சரி.

இந்தச் சந்தும் நெடுநாள் இப்படியே இராது. தாராவியைச் சீரமைக்கும் திட்டம் 2004இல் அரசின் ஒப்புதல் பெற்று, பல தடைகளுக்குப்பின் 2022இல் ஏலம் விடப்பட்டது. 2024இல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. வானில் பறக்கும் ட்ரோனும் லேசர் கருவியும் கொண்டு ஒவ்வொரு சுவரையும் அளக்கிறார்கள். வீட்டுக் கதவுகளில் எண் எழுதுகிறார்கள். 2000ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதிக்கு முன்பிருந்தே குடியிருந்ததற்குச் சான்று உண்டா என்ற கேள்வியில் அநேகக் குடும்பங்களின் நாளைய தினம் தொங்குகிறது. காற்றோட்டமும் தனிக் கழிவறையும் உள்ள வீடு கிடைத்தால் அது நன்மையே. மூன்று மணிக்குக் குடம் வைத்த யாரும் பழைய சந்துக்காகக் கண்ணீர் விடமாட்டார்கள். ஆனால் லேசர் கருவி சுவரின் அளவைக் குறித்துக்கொள்ளும். அந்தச் சுவரில் மாட்டியிருந்த பொதுச் சட்டையை அது அறியாது.

நாம் செய்யக்கூடியது

அன்பானவர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கும். இந்த மாதம் அதைத் திறவுங்கள். படத்தில் இருப்பவர் யார், எந்த இடம், எந்த ஆண்டு என்று வீட்டுப் பெரியவரிடம் கேளுங்கள். பேனா மை ஊடுருவிப் படத்தைக் கெடுக்கும்; ஆகவே மென்மையான பென்சிலால் பின்புறத்தின் ஓரத்தில் எழுதுங்கள். நினைவு தவறலாம், எங்கள் அம்மாவின் நினைவும் தவறியது. அப்போது படத்தின் பின்புலத்தைப் பாருங்கள். ஒரு வண்டியோ, சிலையோ, கடைப் பலகையோ சாட்சி சொல்லும்.

பிறகு உங்கள் கைபேசியை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வாருங்கள். பிள்ளைகளை மட்டும் நெருங்கிப் படமெடுக்காமல், இரண்டு அடி பின்வாங்கி நில்லுங்கள். வாசல், குழாய், எதிர் வீட்டு ஏணி, மூலையிலுள்ள மளிகைக் கடை எல்லாம் விழட்டும். வேலை செய்கிறவர்களும் விழட்டும்; அவர்களைத்தான் பழைய கண்ணாடித் தகடுகள் தவறவிட்டன. தேதியை எழுதி, ஊரில் இருக்கும் உறவினருக்கும் ஒரு பிரதி அனுப்பிவையுங்கள்.

அன்று பிற்பகலில், முகப்பில் வெயில் விழும் நேரமாகப் பார்த்து நாங்கள் மறுபடியும் வி.டி.க்குப் போனோம். தாத்தா நின்ற இடத்தைக் கண்டுபிடிக்க, கடிகாரமும் ஒரு கோபுர முனையும் படத்தில் இருப்பதுபோல் ஒரே நேர்கோட்டில் வரும்வரை மகள் முன்னும் பின்னும் நடந்தாள். டிராம் நின்ற இடத்தில் குளிரூட்டப்பட்ட சிவப்பு மின்சாரப் பேருந்து ஒன்று வந்து நின்றது. அம்மாவை அந்த இடத்தில் நிறுத்தினோம்.

"ஆச்சி, சிரியுங்கள்" என்றாள் மகள்.

அம்மா சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, அப்பா நின்றதுபோலவே நேராக நின்றார்கள். வீட்டுக்கு வந்ததும் மகள் அந்தப் படத்தை அச்செடுத்து, பின்புறத்தில் பென்சிலால் பெயரையும் இடத்தையும் தேதியையும் எழுதினாள். அப்பாவின் படத்தின் பின்புறத்திலும் எழுதினாள்: "1964 மார்ச்சுக்கு முன், வி.டி. முன்பாக. சட்டை எட்டுப் பேருடையது."